உதாரணத்துக்கு ஒரு பெண்

அவாசா, எத்தியோப்பியா
25.9.2002

அன்புத் தங்கை அம்சவேணிக்கு,

அண்ணன் தேவராஜ் எழுதுவது. நானும் உன் அண்ணி மாராயியும் இங்கு சுகம். நீ, மாப்பிள்ளை, குட்டி கீர்த்தனா, எங்கள் தாரணி எல்லோரும் சுகம்தானே? உன் முழங்கால் வலி தேவலையா? இங்கிருந்து போன் போட்டால் பாதி நேரம் 'ஹலோ' சொல்வதிலேயே போய்விடுகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான்.

இங்கே புது வருடம் பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. இவர்கள் கணக்கில் இது 1995. ஏழு வயது குறைந்துவிட்டது என்று உன் அண்ணிக்கு ஒரே சந்தோஷம். கல்லூரியும் திறந்துவிட்டது. இந்த வருடம் என் தலையில் ஒரு புதுப் பாடத்தைக் கட்டிவிட்டார்கள். தொழில்முனைவு. படித்து முடித்தவர்கள் வேலை கேட்டு அலையாமல் சொந்தமாகத் தொழில் தொடங்குவது எப்படி என்று பட்டப்படிப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். உலகம் முழுக்கக் கல்லூரிகளில் இப்போது இதுதான் பேச்சு. மணிலாவிலும் நைரோபியிலும் இதே புத்தகம், இதே கேள்விகள். புத்தகத்தில் உள்ள உதாரணமெல்லாம் அமெரிக்காவுடையது. பத்து வயதுப் பையன் வீட்டு வாசலில் எலுமிச்சை ஜூஸ் விற்று முதலாளி ஆனானாம். என் வகுப்பில் ஹிருத் என்று ஒரு பெண், "சார், நான் வாசலில் விற்க உட்கார்ந்தால் அப்பா அடிப்பாரே" என்றாள். வகுப்பே சிரித்தது. அமெரிக்கப் பையன் இங்கே எடுபடமாட்டான்.

அதனால் ஒரு உதவி செய். நம் பக்கத்தில் படிக்கிற பிள்ளைகள் யாராவது துணிந்து எதையாவது தொடங்கியிருந்தால் எனக்கு விவரமாக எழுது. வகுப்பில் சொல்லக் கைவசம் ஒன்று வேண்டும்.

தாரணிக்கு இது கடைசி வருடம். ஏப்ரலில் பரீட்சை. பி.காம் முடித்த கையோடு பாங்க் பரீட்சை எழுத வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம், ஒரு பயமும் இல்லை. அவள் புத்தி வேறெங்கும் போகாமல் பார்த்துக்கொள். உன்னை நம்பித்தான் அவளைக் காளப்பநாயக்கன்பட்டியில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு அவள் எழுதுவதே இல்லை. படிப்பு அதிகமோ?

அன்பு அண்ணன்,
தேவராஜ்

---

திண்ணனூர் நாடு
9.10.2002

அன்புள்ள அத்தைக்குத் தாரணி வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். சளி போய்விட்டது. நீங்களும் மாமாவும் கீர்த்தனாவும் நலம்தானே? இதை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். திட்டாமல் கடைசிவரை படியுங்கள்.

எங்கள் கல்லூரியிலும் தொழில்முனைவோர் பாடம் வந்திருக்கிறது, அப்பா எடுக்கிறாரே அதே பாடம். எங்கேயாவது போய் இரண்டு வாரம் ஒரு தொழிலைப் பார்த்து எழுதி வாருங்கள் என்று மேடம் அனுப்பினார்கள். அதற்குத்தான் என்னோடு படிக்கும் சென்னம்மாளுடன் அவள் ஊருக்குக் கொல்லிமலை ஏறி வந்தேன். இரண்டு வாரம் முடிந்துவிட்டது, அத்தை. சென்னம்மாள் இறங்கிக் கல்லூரிக்குப் போய்விட்டாள். நான்தான் போகவில்லை.

இங்கே எல்லோரும் சாமை போடுகிறார்கள். அறுத்ததும் உமியோடு மூட்டை கட்டிச் சந்தையில் வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறார்கள். குத்திப் புடைத்துக் கல் பொறுக்கிச் சுத்தமான அரிசியாக நாமே கொடுத்தால் என்ன? சர்க்கரை நோய்க்காரர்கள் சாமை எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். ஊர்ப் பெண்கள் பத்துப் பேரைச் சேர்த்திருக்கிறேன். பழைய சாமையைக் குத்தி சேந்தமங்கலத்தில் கொடுத்துப் பார்த்தோம். இன்னும் கேட்டார்கள்! சென்னம்மாளின் அம்மா பாப்பாயிதான் சிரிக்கிறார். "ஏஞ் சாமி, ஒலக்க புடிக்கறதுக்கா இத்தன வருசம் காலேசுல படிச்சே?" என்கிறார். அவள் அப்பா சின்னையன், "சிரிக்காத புள்ள, அது எதோ நெனப்புலதான் வந்திருக்குது" என்று எனக்காகப் பேசுகிறார்.

புதுச் சாமை அறுப்பு வரை இங்கேயே இருக்கப் போகிறேன். வருகைப் பதிவு குறையும், தெரியும். பிறகு ஒரு நாள் விடாமல் போய்ச் சரிக்கட்டிவிடுவேன். அப்பாவுக்கு மட்டும் எழுத வேண்டாம், அத்தை. நானே சொல்கிறேன், ஏதாவது உருப்படியாக ஆன பிறகு.

உங்கள்,
தாரணி

---

காளப்பநாயக்கன்பட்டி
20.10.2002

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் அம்சவேணியின் வணக்கம். நாங்கள் சுகம். முழங்கால் தைலத்துக்குக் கொஞ்சம் கேட்கிறது. மரவள்ளிக்கு மழை பத்தவில்லை, மற்றபடி குறை இல்லை.

நீ எடுக்கிற பாடத்தைப் பற்றி இவரிடம் சொன்னேன். "கடை வெக்கறதுக்கு ஒரு பாடமா? அதைச் சொல்லித்தர மச்சான் எதுக்கு ஏரோப்பிளேன் ஏறிப் போகோணும்? சேந்தமங்கலம் சந்தையில ஒரு நாள் நிக்கவெச்சாப் போதுமே" என்கிறார். அவர் பேச்சை விடு.

நீ கேட்டாயே, ஒரு உதாரணம் இருக்கிறது. நம் தாரணி படிக்கிற கல்லூரியிலேயே ஒரு பெண். பெயர் எதற்கு? நல்ல குடும்பம். வீட்டில் அவளை உத்தியோகத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள். அவளோ கொல்லிமலையில் போய் உட்கார்ந்துகொண்டு, ஊர்ப் பெண்களைச் சேர்த்துச் சாமை குத்தி அரிசியாக்கி விற்கிறாள். கல்லூரிக்கு ஒழுங்காகப் போவதில்லை. அவள் வீட்டில் பெரியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால் என்ன ஆகுமோ என்று எனக்கே பயமாக இருக்கிறது, வேற்றுப் பெண் என்றாலும். இப்படிப் பண்ணலாமா, அண்ணா? இதெல்லாம் உங்கள் பாடத்தில் சரிதானா? படித்தவன் நீ, சொல்.

தாரணி நன்றாக இருக்கிறாள். நல்ல பசி, நல்ல தூக்கம். எழுத நேரமில்லையாம். நீ கவலைப்படாதே. அண்ணிக்கு ஊறுகாய் யார் மூலமாவது அனுப்பப் பார்க்கிறேன்.

அன்புத் தங்கை,
அம்சவேணி

---

அவாசா
12.11.2002

அன்புள்ள அம்சவேணிக்கு, இங்கு இருவரும் நலம். அண்ணிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் இருமல், இப்போது பரவாயில்லை. தைலத்தை விட்டுவிட்டு டாக்டரைப் பார், முழங்காலோடு விளையாடாதே.

நீ எழுதிய கதை என் வகுப்பையே புரட்டிப் போட்டுவிட்டது! இங்கே டெஃப் என்று கடுகை விடப் பொடியான ஒரு தானியம். அதன் மாவைப் புளிக்கவைத்துப் பெரிய தோசையாகச் சுட்டுத்தான் மூன்று வேளையும் சாப்பிடுகிறார்கள். அதனால் சாமை என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. 'கொல்லிப் பெண்' என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தால் முதல் கேள்வியே "கொல்லிப் பெண் என்ன செய்கிறாள்?" என்பதுதான்.

அவளுக்கு நாங்கள் எல்லோரும் கூடி ஒரு யோசனை சொல்கிறோம். அறுத்த பிறகு வாங்க ஆள் தேடுவது பழைய முறை. அறுப்புக்கு முன்பே ஒரு பெரிய கடைக்காரரைப் பிடித்து, இந்தத் தேதிக்குப் புதுச் சாமை உங்கள் கடையில் இருக்கும் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியை உயிர் போனாலும் தவறக்கூடாது. தொழிலின் முதல் விதி அதுதான். இதை அவளிடம் தவறாமல் சொல்.

கல்லூரிக்குப் போகாவிட்டால்தான் என்ன? நான்கு சுவருக்குள் கிடைக்காததை அவள் அங்கே படிக்கிறாள். என் மாணவியாக இருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன். வீட்டுப் பெரியவர்களுக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல், அவர்களுக்கு உலகம் தெரியாது.

ஒன்று மட்டும். தாரணியை அந்தப் பெண்ணோடு சேர விடாதே. நல்ல பெண்தான், இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் நம் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடக் கூடாது.

அண்ணன்,
தேவராஜ்

---

திண்ணனூர் நாடு
22.12.2002

அத்தைக்கு,

நலம் என்று எழுதக் கை வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள்.

நீங்கள் எழுதி அனுப்பிய அப்பாவின் யோசனைப்படி நாமக்கல்லில் ஒரு மளிகைக் கடைக்காரரைப் பார்த்துப் பேசினேன். மார்கழி முதல் தேதிக்குப் புதுச் சாமையரிசி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அவர் கடை வாசலில் அட்டையே எழுதி மாட்டிவிட்டார். கார்த்திகைக் கடைசியில் அறுப்பு முடிந்தது. சின்னையன் வீட்டுச் சாமையைத்தான் முதலில் குத்தினோம்.

எனக்குத் தெரியாமல் போனது ஒன்று, அத்தை. நம் ஊரில் நெல்லைக் களத்து மேட்டிலேயே அளந்து லாரியில் ஏற்றிவிடுகிறோம். இந்த ஊரில் அப்படி இல்லை. தைப் பொங்கலன்று ஊரே கூடிப் புதுச் சாமையைப் பொங்கி ஊர்ச்சாமிக்குப் படைக்கும் வரை, புதுத் தானியம் ஒரு பிடி கூட ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி என்று நினைத்திருக்கிறார்கள். நானும் கேட்கவில்லை. தேதி, தேதி என்று தேதியைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தேன்.

மூட்டையை ஜீப்பில் ஏற்றும்போதுதான் சின்னையன் தயங்கினார். "பொங்கலு ஆகட்டுமே கண்ணு" என்றார். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அழுதேன், அத்தை. அழுதுதான் கெடுத்தேன். "புள்ள சொல்லு பொய்யாகக் கூடாது, போ" என்று அவரே தூக்கி ஏற்றினார். எல்லையில் ஜீப்பை மறித்துவிட்டார்கள். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கீழ்நாட்டுப் பெண், எனக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டார்கள். சின்னையனைத்தான் நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்கள். இந்தத் தைக்குச் சாமி பொங்கலில் அவர் வீட்டுப் பானை ஏறக்கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பானை இல்லாமல் இதுவரை பொங்கல் நடந்ததில்லையாம். பாப்பாயி என்னைத் திட்டவில்லை. வழக்கம்போல் எனக்குத் தட்டில் களி போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

நாமக்கல் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். சென்னம்மாள் என்னோடு பேசுவதில்லை. நான் இப்போது மூட்டை கட்டிக்கொண்டு கீழே வந்தால் நான் மனுஷியே இல்லை. பொங்கல் வரை இருந்து வீடு வீடாகப் போய்க் கேட்கப் போகிறேன். கல்லூரியிலிருந்து கடிதம் வந்தால் பிரித்துப் பாருங்கள்.

தாரணி

---

காளப்பநாயக்கன்பட்டி
29.12.2002

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம், உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். அண்ணிக்கு இருமல் நின்றதா? மிளகுக் கஷாயம் வைத்துக் கொடு.

அந்தச் சாமைப் பெண் சங்கதி சரியில்லை, அண்ணா. உன் யோசனைப்படி தேதி சொன்னாள். பொங்கல் படைக்கும் முன்னால் புதுத் தானியம் ஊரை விட்டுப் போகக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அவளுக்குத் தெரியவில்லை. எடுத்துப்போகப் பார்த்து மாட்டிக்கொண்டாள். அவளுக்குச் சோறு போட்ட சின்னையன் குடும்பத்தைப் பொங்கலில் சேர்க்கமாட்டோம் என்று ஊரார் ஒதுக்கிவிட்டார்கள். அவளும் அவர்களை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறாள். கல்லூரியில் வருகை ஏகத்துக்குக் குறைந்துவிட்டது. ஏப்ரல் பரீட்சைக்கு விடுவார்களா என்றே தெரியவில்லை.

எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர், "அந்தப் பொண்ணோட அப்பனுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு, மூடி மூடி வெச்சா நாளைக்கு நம்ம தலையிலதான் விடியும்" என்கிறார். உன்னிடமே கேட்கிறேன். இந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்ய வேண்டும்? நீ அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்? பாடத்தில் இருப்பதைச் சொல்லாதே, உன் மனதில் இருப்பதைச் சொல்.

தாரணியும் சுகம்தான்.

அம்சவேணி

---

அவாசா
23.1.2003

அன்புள்ள அம்சவேணி,

பொங்கல் வாழ்த்துகள். உன் கஷாயத்தில் அண்ணியின் இருமல் ஓடிவிட்டது. இங்கே கரும்பு கிடைத்தது, வெல்லம் கிடைக்கவில்லை. சர்க்கரை போட்டுப் பொங்கல் வைத்துச் சமாளித்தோம்.

அந்தப் பெண்ணை நினைத்து ஏன் இப்படி உருகுகிறாய்? எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தப்பாக நினைக்காதே. வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். விழாமல் யார் நடை பழகினார்கள்? இருபது வயதில் விழுவது அதிர்ஷ்டம், நாற்பதில் விழுந்தால்தான் எலும்பு முறியும். இப்படி ஒரு தோல்வி எங்கே கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் பேசினேன். அன்றைக்கு வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

பரீட்சை போனால் போகட்டும், அடுத்த வருடம் எழுதிக்கொள்வாள். ஒரு வருடத்தில் என்ன குடி முழுகிப்போகும்? அவள் அப்பாவுக்கு எழுதுவதாக இருந்தால் நான் சொன்னதாகவே எழுது. பெண்ணை நினைத்துப் பெருமைப்படுங்கள், அவளைப் பிடித்து இழுக்காதீர்கள் என்று எழுது. அதற்கு மேலும் அவர் கோபப்பட்டால் அவர் சுத்தக் கர்நாடகம்.

தாரணிக்குப் பரீட்சைக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. ராத்திரி பால் கொடு. நேரத்தில் தூங்கச் சொல். அவள் முதல் வகுப்பில் வந்துவிட்டால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

அண்ணன்,
தேவராஜ்

---

காளப்பநாயக்கன்பட்டி
16.2.2003

அண்ணா,

கை தட்டினார்களா? நன்றாகத் தட்டட்டும்.

விழுந்தது தாரணி. உன் மகள். அந்தச் சாமைப் பெண் வேறு யாருமில்லை. தாரணிதான் செப்டம்பர் கடைசியிலிருந்து மலையில் இருக்கிறாள். உனக்கு எழுத வேண்டாம் என்றாள். நான் அவள் பேச்சைக் கேட்டேன். மூடி மறைக்கவும் மனசில்லாமல், சொல்லவும் துணிச்சலில்லாமல் யாரோ பெண் என்று எழுதினேன். நீ ஒரு வார்த்தை "அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வீட்டில் உட்கார வை" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன். நீயோ நூற்றுக்கு நூறு போட்டாய். உன் பேச்சை நம்பித்தான் அவளும் தேதி சொன்னாள்.

போன வாரம் கல்லூரிக்கு வரச் சொன்னார்கள். நானும் இவரும் போனோம். வருகை போதாது, ஏப்ரல் பரீட்சை எழுத முடியாது, ஜூனில் சேர்ந்து கடைசி வருடத்தை மறுபடி படிக்க வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். இவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். தாரணி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து ஏங்கி ஏங்கி அழுதாள். மறுநாள் காலையில் மறுபடி மலைக்குப் போய்விட்டாள்.

என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாய். நம்பிக்கையை நான் காப்பாற்றவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டு. அவளைத் திட்டாதே. ஏற்கெனவே பாதி உடம்பாகிவிட்டாள்.

அம்சவேணி

---

காளப்பநாயக்கன்பட்டி
30.3.2003

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? ஆறு வாரமாகப் பதிலில்லை. தபால்காரர் கருப்பண்ணன் என்னைப் பார்த்தாலே சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகிறார். போன் போடச் சொல்லி இவரை அனுப்பினேன், மணி அடிக்கிறதாம், எடுக்க ஆளில்லையாம். உடம்புக்கு ஏதாவதா? அண்ணிக்கு ஏதாவதா? கோபம் என்றால் கோபமாகவே எழுது. ஒரு வரி போதும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிறேன்.

அம்சவேணி

---

அவாசா
20.4.2003

அம்சவேணிக்கு,

இருவரும் இருக்கிறோம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அண்ணியிடம் காட்டவில்லை. பத்து நாள் அவளிடம் தாரணி நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தாயா, உன்னைத் திட்டவும் எனக்கு வாய் இல்லாமல் போய்விட்டது. கடைசியில் துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து எடுத்து அவளே படித்துவிட்டாள். "ஊரான் பிள்ளைக்கு எல்லாம் யோசனை சொன்னீங்க, அது நம்ம பிள்ளையோட தலையில போயி விழுந்திருச்சு" என்றாள். போன் மணி அடித்தபோதெல்லாம் நான்தான் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன பேசுவேன் என்று பயமாக இருந்தது.

வகுப்பில் பிள்ளைகள் கொல்லிப் பெண்ணைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் சொல்லிவிட்டேன், அவள் என் மகள் என்று. ஹிருத் எழுந்து, "அப்படியென்றால் அவளை இனிமேலும் அங்கே இருக்க விடுவீர்களா, சார்?" என்று கேட்டாள். போர்டைத் துடைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். துடைக்க அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அடுத்தவர் பிள்ளைகளுக்குத் துணிச்சல் சொல்லித்தருவது எனக்குச் சுலபமாக இருந்தது, அம்சவேணி. அவர்கள் விழுந்தாலும் நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். இப்போது தூக்கமில்லை. கண்ணை மூடினால் அவள் அந்த எல்லையில் நிற்கிறாள்.

முடிவு செய்துவிட்டேன். ஜூலையில் நானும் அண்ணியும் வருகிறோம். திரும்பும்போது மூன்று டிக்கெட். தாரணிக்குப் பாஸ்போர்ட் போன வருடம் எடுத்தது இருக்கிறது. இங்கேயே கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைக்கிறேன், என் கண் முன்னால். அவளைக் கேட்க வேண்டியதில்லை. மூட்டை கட்டி வைக்கச் சொல்.

தேவராஜ்

---

திண்ணனூர் நாடு
11.5.2003

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தாரணியின் வணக்கம். நான் நலம். உங்களுக்கு நேராக எழுதி ஒரு வருடம் ஆகிறது. அத்தை மேல் கோபப்படாதீர்கள், சொல்ல வேண்டாம் என்றது நான்தான். பயந்துதான் அப்படிச் செய்தேன். நீங்கள் திட்டுவீர்கள் என்பதை விட, உங்கள் முகம் வாடும் என்றுதான் பயந்தேன்.

அத்தைக்கு நீங்கள் எழுதிய கடிதத்தைப் படித்தேன். மூன்று தடவை படித்தேன், அப்பா. நீங்களும் பயந்திருக்கிறீர்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்தது. அதனால் இங்கே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

பொங்கலன்று ஊரே சாமி முன்னால் பானை வைத்தது. சின்னையனும் பாப்பாயியும் தூரத்தில் வேலியோரம் நின்றார்கள். நானும் அவர்களோடு நின்றேன். பாப்பாயி புதுப் புடவை கட்டியிருந்தார், அப்பா. ஒதுக்கிவைத்த பிறகும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றைக்கு நான் அழுத மாதிரி எப்போதும் அழுததில்லை. படையல் முடிந்த பிறகு பெண்கள் பழையபடி குத்த வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தையில் விற்கிறோம். பெரிதாக ஒன்றுமில்லை. சென்னம்மாள் ஏப்ரல் பரீட்சை எழுதிவிட்டாள், இப்போது பேசுகிறாள். ஊர்ப் பெரியவர்களைப் போய்ப் பார்த்தேன். "வர்ற தைக்குப் பாத்துக்கலாம் கண்ணு, அதுவரைக்கும் ஒண்ணும் கேக்காத" என்றார்கள். பாப்பாயி வீட்டுப் பானை அன்றைக்கு ஏறும்போது நான் இங்கே இருக்க வேண்டும்.

ஜூனில் கல்லூரியில் சேரப் பணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை வீட்டில் இருந்து ஒரு நாள் விடாமல் போவேன். சனி, ஞாயிறு மட்டும் மலை. பட்டம் வாங்குவேன், அப்பா. பாங்க் பரீட்சை எழுதுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. பொய் சொல்ல எனக்கு இனிமேல் தெம்பில்லை.

அவாசாவுக்கு நான் வந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். சின்னையனை விட்டுவிட்டு வந்தவள் என்று நான் அங்கே தூங்காமல் கிடப்பேன். ஜூலையில் வாருங்கள். உங்கள் இருவரையும் பார்க்க வேண்டும் போல் அவ்வளவு ஆசையாக இருக்கிறது. பார்க்க வாருங்கள், அப்பா. கூட்டிப்போக வராதீர்கள்.

உங்கள் மகள்,
தாரணி

---

அவாசா
2.6.2003

தாரணிக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். உன் கடிதத்தை அம்மா தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஜூலைப் பயணத்தில் மாற்றமில்லை. ஒன்பதாம் தேதி வருகிறோம். மறுநாளே மலைக்கு வருவேன். தேதி சொல்லச் சொன்னது நான். அதனால் சின்னையன் வீட்டில் பேச வேண்டியதும், அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கை கட்டி நிற்க வேண்டியதும் நான்தான். அவர்கள் என்ன சொல்வார்களோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. போர்டு இல்லாமல் எனக்குப் பேச வருமா என்று தெரியவில்லை.

உனக்கு எடுத்திருந்த டிக்கெட்டை நேற்றுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபம் இன்னும் போகவில்லை. மழையில் நனையாதே. மலைக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அத்தையை எழுதச் சொல்.

அப்பா